மெருகும் நீரும்



வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், நாள்தோறும் நம் கைகள் செய்துவரும் சிறு தொழில்களுக்கும் வரலாறு உண்டு. அத்தகைய தொழில்களுள் ஒன்றாகிய ஊர்தி கழுவுதலைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் பெண்ணாடத்தின் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டு வாயிலில் கார் நிற்கும். ஒருவர் மஞ்சள் துணியொன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, அதன்மேல் படிந்துள்ள தூசியை அழுத்தித் துடைப்பார். பிறகு துணி துவைக்கும் தூளை வாளியில் கரைத்து நுரை எழத் தேய்ப்பார். முடிவில் ரப்பர்க் குழாயைத் திறந்து வேண்டிய மட்டும் நீரைப் பாய்ச்சுவார். மூன்று செயல்களும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுவனவே. எனினும் முதல் இரண்டும் காருக்குத் தீங்கு. மூன்றாவது ஊருக்குத் தீங்கு. இவை நம்மிடையே எவ்வாறு வழக்கமாயின என்பதை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். ஊர்தியின் மேற்பூச்சு காலந்தோறும் மாறி வந்துள்ளது. பூச்சு மாறும்போதெல்லாம் கழுவும் முறையும் மாறுதல் வேண்டும். இன்று நம் வீடுகளில் பூச்சு மாறிவிட்டது. முறை மட்டும் மாறவில்லை.

முதலில் மாட்டுவண்டியிலிருந்து தொடங்குவோம். பெண்ணாடம் வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர். மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டுவதோடு வண்டியையும் கழுவுவது உழவர் வழக்கம். அவ்வழக்கத்தில் அழகோடு பயனும் அடங்கியிருந்தது. வண்டிச் சக்கரம் குடம், ஆரக்கால், வட்டை என்னும் மர உறுப்புகளால் ஆனது. அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கப்பட்டிருக்கும். கோடையில் மரம் காய்ந்து சுருங்கும், பட்டை தளரும், வண்டி ஓடும்போது சக்கரம் கடகடவென்று ஆடும். அப்போது சக்கரத்தை நீரில் ஊற வைப்பர். மரம் நீரை உண்டு பருக்கும். பட்டை மீண்டும் இறுகும். எனவே மாட்டுவண்டிக்கு நீர் உணவாயிற்று. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் இட்ட வண்டி மையை மட்டும் நீர் கரைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இழக்கத்தக்க மெருகு எதுவும் அவ்வண்டிக்கு இல்லை. ஆதலால் வைக்கோற் பிரியைச் சுருட்டி எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் கேடு வாராது. அழுத்தித் தேய்த்தலே சுத்தம் என்னும் எண்ணம் நம் கைகளில் படிந்தது இக்காலத்தில்தான் எனலாம்.

இங்கே ஒரு சொல்லின் செய்தியையும் அறிந்துகொள்க. 'கார்' என்னும் ஆங்கிலச் சொல் மோட்டார் வண்டியோடு நம் நாட்டிற்கு வந்ததன்று. ஆங்கிலேயர் நம் கோயில் தேரையே அச்சொல்லால் குறித்தனர். நம் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் தேரோடும் கீழவீதி இன்றும் ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் கார் ஸ்டிரீட்' என்றே எழுதப்படுகிறது. தேர் மரத்தால் ஆனது; சிற்பங்கள் நிறைந்தது. ஆண்டின் பெரும்பகுதி அது கொட்டகைக்குள்ளோ தகரத் தடுப்புக்குள்ளோ நிற்கும். சிற்பங்களின் இடுக்கிலுள்ள தூசியை மெல்ல நீக்கி, மரத்திற்கு எண்ணெய் பூசுவர். வெயிலுக்கு மறைவும், மென்மையான துடைப்பும், மேலே ஒரு காப்புப் பூச்சும் என்னும் மூன்று நெறிகளை நம் முன்னோர் தேர் விஷயத்தில் நன்கு அறிந்திருந்தனர். மாட்டுவண்டிக்கு ஒரு முறை, தேருக்கு ஒரு முறை என்று அவர்கள் பகுத்து நடந்தனர் என்பதை மனத்திற் கொள்க.

அடுத்து வந்தது குதிரைக் கோச்சு வண்டி. சென்னையில் 1840ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிம்சன் நிறுவனம் முதலில் இத்தகைய வண்டிகளைக் கட்டும் தொழிலில் ஈடுபட்டிருந்தது. கோச்சு வண்டிக்கு வண்ணம் பூசுவது பெரிய கலையாகக் கருதப்பட்டது. எண்ணெயில் கலந்த வண்ணத்தை ஒரு படலமாகப் பூசி, நாட்கணக்கில் உலரவிட்டு, நுரைக்கல்லால் தேய்த்துச் சமன்படுத்தி, அதன்மேல் அடுத்த படலத்தைப் பூசுவர். இவ்வாறு பல படலங்கள் ஏறிய பின்னர் வார்னிஷ் என்னும் மெருகெண்ணெயைப் பூசி முடிப்பர். ஒரு வண்டியின் பூச்சு வேலை முடியப் பல வாரங்கள் ஆகும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற மெருகைக் காக்க அக்காலக் கோச்சுவான்களுக்குத் திட்டமான விதிகள் இருந்தன. வண்டியை வெயிலில் கழுவலாகாது. சேறு காய்ந்து இறுகுமுன் கழுவுதல் வேண்டும். முதலில் நீரை வார்த்துச் சேற்றைத் தானாகக் கரைந்து வழியவிட வேண்டும். கையால் சுரண்டக் கூடாது. மேற்பகுதிக்கு ஒரு கடற்பஞ்சு, சக்கரத்திற்கு வேறொரு கடற்பஞ்சு. நீர்த்துளிகள் தாமே உலராதபடி எண்ணெயிற் பதப்படுத்திய மென்தோலால் உடனே ஒற்றி எடுத்தல் வேண்டும். குதிரை லாயத்திலிருந்து எழும் அமோனியா ஆவி மெருகெண்ணெயைக் கெடுக்கும் என்பதை அறிந்து, வண்டிக் கொட்டிலை லாயத்திற்கு அப்பால் கட்டினர். படிப்பறிவு மிகுதியாக இல்லாத கோச்சுவான்கள் அனுபவத்தால் கண்ட இவ்விதிகளுள் ஒன்றுகூட இன்றுவரை பொய்க்கவில்லை.

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் ஜெர்மனி நாட்டுக் கார்ல் பென்சு தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். நம் சென்னையில் 1903ஆம் ஆண்டு சிம்சன் நிறுவனத்தைச் சார்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பார் நீராவியால் இயங்கும் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். கோச்சு கட்டிய கைகளே முதற் கார்களையும் கட்டின. ஆகவே முதற் கார்களின் மேற்பூச்சும் கோச்சுப் பூச்சாகவே இருந்தது. அவற்றின் விளக்குகளும் கதிரியக் கூடுகளும் பித்தளையால் ஆனவை. அவற்றைத் துலக்குவதற்கென்றே ஓர் ஆள் வேண்டியிருந்தது. வண்டி ஓட்டுநரோடு செல்லும் உதவியாளுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட 'கிளீனர்' என்னும் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். துப்புரவு செய்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். இன்று லாரியில் சரக்குக்குக் காவலிருத்தல், பின்னால் இறங்கி வழிகாட்டுதல், சக்கரம் மாற்றுதல் எனப் பல வேலைகளை அவர் செய்கிறார். எனினும் பெயர் மட்டும் பழைய வேலையை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்காவில் கார்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது கோச்சுப் பூச்சின் தாமதம் பெரும் தடையாயிற்று. ஹென்றி போர்டு தம் 'மாடல் டி' கார்களை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் ஒன்றிலேயே விற்றார் என்பதைப் பலரும் அறிவர். அதே 1914ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் 'ஆட்டோமொபைல் லாண்டரி' என்னும் கார் கழுவும் நிலையம் தோன்றியது. அங்கு இயந்திரம் எதுவும் இல்லை. ஆட்கள் காரைக் கையால் தள்ளிச் செல்ல, ஒருவர் சோப்பிடுவார், அடுத்தவர் அலசுவார், மூன்றாமவர் துடைப்பார்.

1923ஆம் ஆண்டு ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. டுபாண்ட் நிறுவனம் ஆக்கிய 'ட்யூக்கோ' என்னும் பூச்சை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓக்லண்டு கார்களில் பயன்படுத்தியது. அது நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆகியது. காற்றழுத்தத் துப்பாக்கியால் தெளிக்கத் தக்கது. வாரக் கணக்கில் உலர்ந்த பூச்சுக்கு மாறாக மணிக் கணக்கில் உலர்ந்தது. அப்பெயர் நம் நாட்டுப் பெயிண்டர்களின் வாயில் இன்னும் வாழ்கிறது. மரப்பலகைக்குத் துப்பாக்கியால் பூச்சிடுவதையும் 'டூக்கோ அடித்தல்' என்று அவர்கள் கூறக் கேட்கலாம்.

இவ்வகைப் பூச்சின் இயல்பை மாணவர்கள் கூர்ந்து கவனித்தல் வேண்டும். இதில் நிறம் மேற்பரப்பு வரையில் கலந்திருந்தது. வெயிலும் காற்றும் பட்டு மேற்படலம் சில மாதங்களில் மங்கி, சுண்ணாம்பு தடவியது போல வெளுக்கும். அப்போது அரைக்கும் தன்மையுள்ள பசையைத் துணியில் தோய்த்து அழுத்தித் தேய்ப்பார்கள். செத்த படலம் துணியோடு போகும். உள்ளிருந்து புதிய நிறம் ஒளிரும். துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொள்வதைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. பின்பு பிரேசில் நாட்டுக் கர்னாபா என்னும் பனையின் இலையிலிருந்து எடுக்கப்படும் மெழுகைப் பூசுவார்கள். இயற்கை மெழுகுகளுள் மிகக் கடினமானது அது. உருகுவதற்குச் சற்றேறக்குறைய 82 முதல் 86 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நம் நாட்டுக் கோடையிலும் அது உருகி வழியாது.

நம் நாட்டில் 1950களின் இறுதியில் தோன்றி 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசிடர் காரும், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த ஹெரால்டு காரும் நம் பாட்டனார் காலத்துக் கார்கள். அரைக்கும் பசையால் தேய்த்து மெழுகிடுவது அக்காலத்துக் கார்களுக்கு ஏற்ற பராமரிப்பாகவே இருந்தது. மாட்டுவண்டி கற்பித்த 'தேய்' என்னும் பாடத்தை இக்கார்கள் மீண்டும் உறுதிப்படுத்தின.

1980களில் உலகக் கார்த் தொழில் இரட்டைப்பூச்சு முறைக்கு மாறியது. அதன்படி கீழே மெல்லிய நிறப்பூச்சு. அதன்மேல் 'கிளியர் கோட்' என்று தொழிலாளர் வழங்கும் நிறமற்ற தெளிபூச்சு. நாம் காணும் பளபளப்பு முழுவதும் இத்தெளிபூச்சுக்கே உரியது. நிறத்தை வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காப்பதும் இதுவே. இந்தியாவில் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி கார் வெளிவந்தது. 1998இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இவ்வாறு பெருகிய புதிய கார்களோடு இரட்டைப்பூச்சும் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது.

இத்தெளிபூச்சின் கனம் எவ்வளவு என்று நினைக்கின்றீர்கள்? பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். மயிரிழையினும் மெல்லிய இத்தோலே காரின் மெருகு, காவல் எல்லாம். பழைய பூச்சைப் போல இதனைத் தேய்த்துத் தேய்த்துப் புதுப்பிக்க இயலாது. ஒவ்வொரு முறையும் அரைக்கும் பசை இதிலிருந்து சிறிது எடுத்துச் செல்கிறது. போனது திரும்ப வருவதில்லை. தெளிபூச்சு முற்றும் தேய்ந்த இடத்தில் நிறம் வெளுத்துச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். பின்னர் மெழுகால் பயனில்லை. மீண்டும் பூச்சிடுவது ஒன்றே வழி.

இத்தகைய மெல்லிய தோலின் மீது உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கும்போது நிகழ்வது யாது? இதனை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை; பக்கத்து நகரமாகிய விருத்தாசலத்திற்குச் செல்வோம். அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தையும் நீங்கள் அறிவீர்கள். பீங்கானின் மெருகு எதனால் ஆகிறது? குவார்ட்ஸ் என்னும் கல்லையும், பெல்ஸ்பார் என்னும் கல்லையும், வெண்களிமண்ணையும் மாவாக அரைத்து நீரில் கரைத்துப் பொருளின்மேல் பூசுகின்றனர். பின்பு உலையில் 1,200 பாகை செல்சியசை ஒட்டிய பெருவெப்பத்தில் சுடும்போது அம்மாவு உருகிக் கண்ணாடியாகிப் பொருளோடு ஒன்றிவிடுகிறது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா என்னும் பொருளே. ஆற்று மணலிலும் சாலைத் தூசியிலும் பெரும்பான்மை உள்ளதும் அதுவே.

1812ஆம் ஆண்டு பிரெடரிக் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் குவார்ட்ஸ் 7ஆம் இடம் பெறுகிறது. சாதாரண எஃகுக் கத்தியும் சன்னற் கண்ணாடியும் அதற்குக் கீழே, ஏறத்தாழ ஐந்தரையில் நிற்கின்றன. பிளாஸ்டிக் இனத்தைச் சார்ந்த தெளிபூச்சோ அவற்றினும் மிக மென்மையானது. எனவே தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பவர், கத்தியையும் கீறவல்ல கற்பொடியை அழுத்தி மென்மையான பரப்பின்மேல் இழுக்கிறார் என்பதே பொருள்.

இதனை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பயன்படாத பழைய குறுந்தகடு ஒன்றை எடுத்து, அதன் பளபளப்பான பக்கத்தில் சிறிது தெருத் தூசியைத் தூவுங்கள். உலர்ந்த துணியால் நான்கைந்து முறை துடையுங்கள். பின்பு விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற வட்டங்கள் தோன்றும். நேர்கோடாகத் துடைத்தாலும் இவ்வட்டங்கள் தோன்றுவதைக் கண்டு நீங்கள் வியப்படையலாம். கீறல்கள் எல்லாத் திசையிலும் உள்ளன; அவற்றுள் ஒளியின் வழிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுகின்றன; ஆகவே அவை விளக்கைச் சுற்றி வட்டமிட்டன போலத் தோன்றுகின்றன. இரவில் தெருவிளக்கின்கீழ் நிற்கும் கறுப்புக் காரின்மேல் காணும் வட்டங்களும் இவ்வகையினவே. அடுத்து, வேறொரு தகட்டில் அதே தூசியைத் தூவி, துணி படாமல் நீரால் அலசிப் பாருங்கள். வேறுபாடு உங்களுக்கே விளங்கும்.

இன்று கார்க் கடைகளில் 'செராமிக் கோட்டிங்' என்னும் ஒரு பூச்சைப் பற்றிப் பெரிதாகக் கூறுகின்றனர். செராமிக் என்றால் பீங்கான் அன்றோ? ஆயினும் விருத்தாசலத்துப் பீங்கான் மெருகும் இதுவும் ஒன்றல்ல. உலையில் 1,200 பாகையில் காரைச் சுட முடியாது. தொழிற்சாலையில் காரின் தெளிபூச்சைக் காய்ச்சும் வெப்பமே 140 பாகை அளவினதுதான். சிலிக்கா சார்ந்த சேர்மங்களைக் கரைப்பானில் கலந்து காரின்மேல் மிக மெல்லியதாகத் தடவுகின்றனர். அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. நீர் அதன்மேல் ஒட்டாமல் தாமரையிலைத் தண்ணீர் போல உருண்டு ஓடுவது உண்மை. அழுக்கு எளிதில் நீங்குவதும் உண்மை. ஆனால் விளம்பரங்களிற் காணும் '9 எச்' என்னும் குறி மோஸ் வரிசையின் 9 அன்று. அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனையின் அளவு. மணல் அதனையும் கீறும். ஓரிரு ஆண்டுகளிலோ சில ஆண்டுகளிலோ அப்பூச்சு தேய்ந்து போகும். பீங்கான் பூசிய காராயினும் கழுவும் நெறி தவறினால் கெடும். கீறுகின்ற மணலும் சிலிக்கா, காக்கின்ற பூச்சிலும் சிலிக்கா என்பது இயற்கையின் விந்தை.

இனி, நம் வட்டாரத்துக்கே உரிய சில இடர்களைக் காண்போம். பெண்ணாடத்தின் தெற்கே அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் உள்ளன. சிமென்ட் தூசி காரத்தன்மை உடையது. பனி ஈரம் பட்டால் பரப்பின்மேலேயே இறுகிக் கல்லாகும். அதனை ஈரத்துணியால் தேய்ப்பது அறவே தவறு. இறுகுவதற்கு முன் நீரை வார்த்து ஓடச்செய்தல் வேண்டும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீராக இருக்கிறது. அதன் துளி வெயிலில் உலர்ந்தால் நீர் ஆவியாகும். சுண்ணாம்பு வெண்புள்ளியாக நிற்கும். சாதாரண சோப்பு இந்நீரோடு சேர்ந்தால் நுரையாமல் திரியும். துணி துவைக்கும் தூளிலோ காரம் மிகுதி. அது அழுக்கோடு மெழுகையும் வழித்தெடுத்துச் செல்லும். மண்ணெண்ணெயும் டீசலும் தடவினால் பளபளப்பு உண்டாவதாகச் சிலர் கருதுகின்றனர். அஃது எண்ணெய்ப் பசையின் மினுக்கே. சிறிது நேரத்தில் அப்பசை மேலும் தூசியை ஈர்க்கும்.

ஆயுத பூசையன்று தமிழ்நாட்டில் கழுவப்படாத வண்டியே இல்லை எனலாம். சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். தொழிற்கருவியை மதிக்கும் அப்பண்பு போற்றத்தக்கது. ஆனால் சந்தனமும் குங்குமமும் நாட்கணக்கில் வெயிலிற் காய்ந்தால் கறை விடும். மறுநாளே அவற்றை நீரால் நனைத்து ஊறவைத்து மெல்ல நீக்கிவிடுவது பூசைக்கு இழுக்காகாது.

வீட்டில் கழுவும் முறையைச் சுருங்கக் கூறுகிறேன். காரை நிழலில் நிறுத்தி, மேற்பரப்பு குளிரும் வரை காத்திருங்கள். காலை வேளையே சிறந்தது. இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் கார் கழுவுவதற்கென்றே விற்கும் காரமற்ற சோப்பு நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணி தொடுவதற்கு முன், பூவாளியால் நீரைத் தெளித்துத் தளர்ந்த மண்ணை வழியவிடுங்கள். இதுவே எல்லாவற்றினும் முதன்மையான படி. பிறகு மென்மையான துணியைச் சோப்பு நீரில் தோய்த்து, கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி, நேர்கோடாக, அழுத்தாமல் கழுவுங்கள். அடிப்பகுதியில் மண் மிகுதி. ஆதலால் அது கடைசியில் வர வேண்டும். ஒவ்வொரு பலகத்தைக் கழுவிய பின்பும் துணியை முதலில் வெறும் நீர் வாளியில் அலசி, பின்னரே சோப்பு நீரில் தோய்க்க வேண்டும். மணல் வெறும் நீர் வாளியின் அடியில் தங்கிவிடும். சக்கரத்திற்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணியை மீண்டும் காரில் வைக்கலாகாது. அலசியவுடன் நுண்ணிழைத் துணியால் நீரை ஒற்றி எடுங்கள். ஜப்பானில் 1970ஆம் ஆண்டளவில் டோரே நிறுவனத்தின் ஒகமோட்டோ என்னும் அறிஞர் உருவாக்கிய மிக நுண்ணிய இழைகளின் வழியில் வந்த துணி இது. கோச்சுவான்களின் மென்தோலுக்கு இக்கால வாரிசு. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மெழுகிட்டால் போதும். அரைக்கும் பசையை, வேறு வழியில்லாத கறைக்கன்றித் தொடாதீர்கள்.

இம்முறையில் செலவாகும் நீர் எவ்வளவு? வாளி ஒவ்வொன்றும் 15 லிட்டர் எனக் கொண்டால், இரண்டு வாளியும் முன்னும் பின்னும் தெளிக்கும் நீரும் சேர்ந்து 50 லிட்டருக்குள் அடங்கும். நிமிடத்திற்கு 10 லிட்டர் பாயும் குழாயை 20 நிமிடம் திறந்து வைத்தால் 200 லிட்டர் ஆகும். ஒரு காருக்கு 150 லிட்டர் வேறுபாடு.

இது சிறிய கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு 50 டாங்கர்ப் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீர் முதன்முறையாகப் புகைவண்டியில் கொண்டு செல்லப்பட்டது. நீர் வரும் காட்சியைக் காண மக்கள் கூடினர். மேற்சொன்ன குழாய் முறையில் கழுவினால் அந்த வண்டி நீர் முழுவதும் 12,500 கார்களைக் கழுவவே சரியாய்ப் போகும். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெங்களூரில் கடுந்தட்டுப்பாடு நேர்ந்தபோது, குடிநீரால் ஊர்தி கழுவுதலை அந்நகரக் குடிநீர் வாரியம் தடை செய்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் தண்டம் விதித்தது. ஒரு வீட்டு வாயிலில் நடக்கும் செயல் சட்டத்தின் பொருளாகிவிட்ட நாள் அது. வெள்ளாற்றில் கோடைதோறும் மணலைக் காணும் நமக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

முடிவாக, கழுவும் தொழிலைப் பற்றி ஒரு சொல். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராகிய கலிக்கம்பர் எங்கள் பெண்ணாடத்தில் வாழ்ந்தவர். தம் இல்லத்திற்கு வரும் அடியார்களின் கால்களைக் கழுவி அமுது படைப்பது அவர் கொண்ட நெறி. முன்பு தம் வீட்டில் ஏவலாளாய் இருந்த ஒருவர் அடியார் கோலத்தில் வந்தபோது, மனைவியார் நீர் வார்க்கத் தயங்கினார். கலிக்கம்பர் தயங்காமல் அக்கால்களையும் கழுவினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. கழுவுகின்ற கை தாழ்ந்ததன்று என்னும் கருத்து இவ்வூர் மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும், இன்று பல வீடுகளில் கார் கழுவும் வேலை விடியற்காலையில் ஒரு வாளியும் ஒரு துணியும் கொண்டு பத்து வீட்டுக் கார்களைத் துடைத்துச் செல்லும் ஓர் இளைஞனிடம் விடப்படுகிறது. ஒரே துணி; ஒரே நீர்; ஒரு காருக்குச் சில நிமிடம். முதற் காரின் மணல் பத்தாவது காரைக் கீறுகிறது. குற்றம் அவ்விளைஞனுடையதன்று. அவனுக்கு இரண்டாவது வாளியையும், நல்ல துணிகளையும், போதிய நேரத்தையும், அதற்குத் தக்க கூலியையும் தராத நம்முடையதே.

கோச்சுவான் அனுபவத்தால் அறிந்ததை நீங்கள் அறிவியலால் அறிகின்றீர்கள். உங்கள் வீட்டில் காரோ, ஸ்கூட்டரோ, மிதிவண்டியோ எதுவாயினும் ஆகுக. அதன் மேற்பூச்சு எத்தகையது என்று முதலில் கேளுங்கள். பிறகு துணியை எடுங்கள். பெரியோர் பழைய முறையில் தேய்ப்பதைக் கண்டால் பணிவோடு காரணத்தை எடுத்துரையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வாளியை நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.